கோப்பில் எழுதிய ஒரு குறிப்பு: கே.ஆர். நாராயணனும் நாமும்

  இது சார் நினைவாக நடக்கும் சொற்பொழிவு. சார் என்றால் இங்கே பாதிப் பேருக்கு யார் என்று தெரியும். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், மன்றத்தை நடத்தியவர், நமக்கெல்லாம் புத்தகம் கொடுத்துத் திருப்பிக் கேட்காமல் விட்டவர். அவருக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. செத்தவர்களைப் பற்றி நல்லதை மட்டும் பேசுவது. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன். கே.ஆர். நாராயணனைப் பற்றிப் பேசப்போகிறேன். மாலை போடுவதற்காக அல்ல.

1997 ஜூலை 25, வெள்ளிக்கிழமை. நான் அப்போது ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி மேல்நிலை படித்துக்கொண்டிருந்தேன். அன்று காலை டெல்லியில் நாராயணன் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றார். மறுநாள் சார் பேப்பரை எடுத்துவந்து விடுதித் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனதும் அம்மாவிடம் ஓடிப்போய், "அம்மா, நம்ம ஆளு ஒருத்தரு பிரசிடெண்ட்டு ஆயிட்டாரு" என்றேன். அம்மா நெல் புடைத்துக்கொண்டிருந்தது. நிமிராமலே, "எந்த ஊருக்கு?" என்று கேட்டது.

சிரிக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் பிரசிடெண்ட்டு என்றால் பஞ்சாயத்துத் தலைவர்தான். இந்தியாவுக்கே என்று நான் விளக்கிச் சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ஆளை ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு. போன மாசம்தானே மதுரைப் பக்கம் ஒரு பிரசிடெண்ட்டை வெட்டிப் போட்டாங்க" என்றது.

அது மேலவளவு. 1997 ஜூன் 30. தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் வந்த ஐந்து பேரும், மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்துக் கிணற்றில் போட்டார்கள். அதிலிருந்து இருபத்தைந்தாவது நாள் நாராயணன் ராஷ்டிரபதி பவனுக்குள் போனார். பெரிய நாற்காலியில் ஒருவரை உட்காரவைக்க இந்த நாட்டின் கட்சிகள் கிட்டத்தட்ட எல்லாமே சேர்ந்துகொண்டன. தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல் வாக்கு. எதிர்த்து நின்ற டி.என். சேஷன் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சின்ன நாற்காலியில் உட்கார்ந்தவருக்கோ உயிர் மிஞ்சவில்லை. அம்மாவுக்கு இந்த இரண்டும் ஒரே செய்தியாகத் தெரிந்தது. சமூகவியலில் முதுகலை முடித்த பிறகுதான் எனக்கு அது சரியாகப் புரிந்தது.

நாராயணன் யார் என்று மாணவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டயம் பக்கத்து உழவூர். பரவன் சாதி. தமிழ்நாட்டுக் கடற்கரைப் பரதவரோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே அது தென்னை ஏறுவதைத் தொழிலாக விதித்துவைத்த தீண்டப்படாத சாதி. அப்பா நாட்டு வைத்தியர். பல மைல் நடந்து பள்ளிக்கூடம். பீஸ் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட நாள்கள் உண்டு. சான்றிதழில் பிறந்தநாள் 1920 அக்டோபர் 27. பள்ளியில் சேர்த்துவிடப் போன உறவினர் குத்துமதிப்பாகச் சொன்ன தேதி அது. உண்மையான தேதி அவருக்கே தெரியாது. இங்கே எத்தனை பேருக்கு ஜூன் மாதத்தில் பிறந்தநாள்? கை தூக்குங்கள் பார்ப்போம். சரி, போதும். எனக்கும் ஜூன்தான். ஹெட்மாஸ்டர்தான் நம்மைப் பெற்றவர்.

1943இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். விரிவுரையாளர் வேலை கேட்டார். கிடைக்கவில்லை. குமாஸ்தா வேலை தரலாம் என்றார்கள். பட்டமளிப்பு விழாவுக்குப் போய்ப் பட்டம் வாங்க மறுத்துவிட்டார். அப்போது திவானாக இருந்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். 1936 ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பெயர் வாங்கிய அதே சி.பி.தான். கோயிலுக்குள் விடலாம், கல்லூரி மேடையில் பாடம் நடத்த விடக்கூடாது. இந்தக் கணக்கை நாம் நம் காலத்திலும் பார்க்கிறோம். கோயில் திறப்பதை விட வகுப்பறையின் மேசையைத் திறப்பது கடினம்.

பிறகு பத்திரிகை வேலை. டாடா உதவித்தொகையில் லண்டன் பொருளாதாரப் பள்ளி, ஹெரால்டு லாஸ்கியிடம் படிப்பு. லாஸ்கி நேருவுக்குக் கொடுத்த கடிதத்தோடு திரும்பி வந்து 1949இல் வெளியுறவுப் பணி. பர்மாவில் மா டின்ட் டின்ட் என்பவரைக் காதலித்து மணந்தார். வெளிநாட்டவரை மணக்க நேருவின் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. தாய்லாந்து, துருக்கி, சீனா, அமெரிக்கா என்று தூதர். நடுவில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1984 முதல் ஒற்றப்பாலத்தில் மூன்று முறை காங்கிரஸ் எம்.பி. 1992இல் குடியரசுத் துணைத் தலைவர். இதையெல்லாம் எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்தார், என்ன செய்யவில்லை, எதைச் செய்ததற்காகத் திட்டு வாங்கினார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

குடியரசுத் தலைவர் ரப்பர் ஸ்டாம்ப் என்று நாம் மேடையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சட்டம் அவருக்கு ஒரு சின்ன இடம் விட்டுவைத்திருக்கிறது. அமைச்சரவை அனுப்புவதை ஒரு முறை திருப்பி அனுப்பலாம். மறுபடி அனுப்பினால் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். நெருக்கடி நிலைக்குப் பிறகு 44ஆவது திருத்தத்தில் வந்த ஏற்பாடு இது. 1975 ஜூன் 25 இரவில் பக்ருதீன் அலி அகமது எதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டதன் விளைவு என்றும் சொல்லலாம். அந்தச் சின்ன இடத்தை 356ஆவது பிரிவு விஷயத்தில் முதன்முதலில் பயன்படுத்தியவர் நாராயணன். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசைக் கலைக்க குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. திருப்பி அனுப்பினார். 1998 செப்டம்பரில் பீகாரில் ராப்ரி தேவி அரசைக் கலைக்க வாஜ்பாய் அமைச்சரவை பரிந்துரைத்தது. அதையும் திருப்பி அனுப்பினார். ஒன்றில் காப்பாற்றப்பட்டது பாரதிய ஜனதா அரசு, மற்றதில் பாரதிய ஜனதாவை எதிர்த்த அரசு. திமுக ஆட்சி இரண்டு முறை கலைக்கப்பட்டதைப் பார்த்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதன் எடை தெரியும்.

ஆனால் பீகாரில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1997 டிசம்பர் 1, லட்சுமண்பூர் பாதே. ரன்வீர் சேனா ஒரே இரவில் 58 தலித்துகளைக் கொன்றது. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். நாராயணன் அதை தேசிய அவமானம் என்றார். அடுத்த ஆண்டு அதே மாநில அரசைக் கலைக்கும் பரிந்துரை வருகிறது. திருப்பி அனுப்புகிறார். 1999 ஜனவரி 25 இரவு, குடியரசு தினத்துக்கு முந்தைய இரவு, சங்கர்பிகாவில் மறுபடி தலித்துகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். பிப்ரவரியில் நாராயண்பூர். அதற்குப் பிறகு வந்த பரிந்துரையில் கையெழுத்துப் போட்டார். மாநிலங்களவையில் காங்கிரஸ் ஆதரிக்காததால் ஒரு மாதத்துக்குள் ராப்ரி தேவி திரும்ப வந்துவிட்டார்.

1998இல் அவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டுமா? எங்கள் வட்டத்தில் இதைப் பற்றிச் சண்டையே நடந்திருக்கிறது. சட்டம் ஒழுங்கு சரியில்லை என்பதற்காக ஒரு மாநில அரசைக் கலைப்பது தவறு என்றால், தலித்துகளைப் பிணமாக அடுக்கும்போதும் அது தவறுதானா என்று ஒரு தோழர் கேட்டார். என் பதில் இதுதான். கலைக்கக் கேட்டவர்களுக்குப் பாதேயின் பிணங்கள் மேல் அக்கறை இல்லை. பாட்னாவில் ஆட்சி வேண்டும். கொலையாளிகளுக்குப் பின்னால் இருந்த நிலவுடைமை, போலீஸ், நீதிமன்றம் எதையும் ஆளுநர் ஆட்சி தொடப்போவதில்லை. 2013 அக்டோபரில் பாட்னா உயர் நீதிமன்றம் பாதே வழக்கில் 26 பேரையும் விடுதலை செய்தது. அப்போது யார் ஆட்சி என்பது ஒரு பொருட்டாகவே இல்லை. ஆனாலும் சங்கர்பிகாவில் செத்தவர்களின் வீட்டில் போய் நின்று இந்த வாதத்தை என்னால் சொல்ல முடியுமா என்றால், முடியாது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இந்த மனிதரைப் பார்க்கிறேன்.

இனி தலைப்பில் சொன்ன குறிப்பு. 1997 ஜூலையில் நீதிபதி கே. ராமசாமி உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவரோடு அங்கே தலித் நீதிபதி என்று யாரும் இல்லாமல் போனார்கள். முதன்முதலில் 1980இல் போனவர் நம் வட ஆற்காட்டுக்காரர் ஏ. வரதராசன். பிறகு பி.சி. ரே, பிறகு ராமசாமி. அவ்வளவுதான். நியமனக் கோப்புகள் வரும்போது நாராயணன் ஒரு குறிப்பு எழுதினார். மக்கள்தொகையில் கால் பங்காக இருக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோரையும் பெண்களையும் கவனத்தில் எடுத்துக்கொள்வது அரசியலமைப்பின் கொள்கைக்கு ஒத்தது, தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். கையெழுத்துப் போட மறுக்கவில்லை. கோப்பைத் தேக்கவும் இல்லை. ஓரத்தில் நாலு வரி எழுதினார். 1999 தொடக்கத்தில் அது வெளியே கசிந்தது.

பெரிய ரகளை. நீதித்துறையில் இட ஒதுக்கீட்டைக் கொண்டுவரப் பார்க்கிறார், குடியரசுத் தலைவர் சாதி பேசுகிறார் என்று தலையங்கம் தலையங்கமாக எழுதினார்கள். தகுதி மட்டுமே அளவுகோல் என்று தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் பதில் சொன்னார். நாராயணன் எழுதியதில் தகுதி வேண்டாம் என்று ஓர் எழுத்து இல்லை. தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்றுதான் இருந்தது. அவர்கள் அதைப் படிக்கவில்லை. எழுதியவரின் சாதியைத்தான் படித்தார்கள். இதே வரியை வேறு ஒருவர் எழுதியிருந்தால் முற்போக்கு என்றிருப்பார்கள். அவர் எழுதியதால் 'சர்ச்சை'. மாணவர்கள் இந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்ச்சை என்று பேப்பரில் பார்த்தால், யார் செய்ததால் அது சர்ச்சையானது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

2000 ஜூனில் கே.ஜி. பாலகிருஷ்ணன் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். 2007இல் முதல் தலித் தலைமை நீதிபதி ஆனார். 2010இல் ஓய்வு பெற்றார். அடுத்தவர் எப்போது? 2019இல் பி.ஆர். கவாய். ஒன்பது ஆண்டு மறுபடி வெற்றிடம். அந்த ஒன்பது ஆண்டில் யாரும் கோப்பின் ஓரத்தில் எதுவும் எழுதியதாகச் செய்தி இல்லை.

அவர் மேல் எனக்கு இருக்கும் குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, கருணை மனுக்கள். தன் ஐந்தாண்டுக் காலத்தில் அவர் தூக்குத் தண்டனைக் கருணை மனு எதிலும் முடிவெடுக்கவில்லை. ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ராஜீவ் கொலை வழக்கில் பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவரின் மனுக்கள் 2000இல் அங்கே போயின. அவர் காலம் முடிந்தது, கலாம் காலமும் முடிந்தது, 2011 ஆகஸ்டில் பிரதிபா பாட்டீல் நிராகரித்தார். செப்டம்பர் 9 என்று தூக்குத் தேதி குறித்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்துச் செத்தாள். இருபத்தொரு வயது. பிறகு 2014 பிப்ரவரி 18இல் உச்ச நீதிமன்றம் தாமதத்தையே காரணமாகக் காட்டித் தண்டனையைக் குறைத்தது. ஆக, அந்தத் தாமதம்தான் உயிரைக் காப்பாற்றியது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர் மனதறிந்து செய்த கருணை அது என்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். மரண தண்டனையில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்றால் அதை மனுவின் மேல் எழுதியிருக்க வேண்டும். நீதிபதி நியமனக் கோப்பில் எழுதத் துணிந்த கை இங்கே எழுதவில்லை. தூக்கறை நிழலில் பதினோரு ஆண்டு உட்கார்ந்திருப்பதற்குக் கருணை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, குஜராத். 2002 பிப்ரவரி, மார்ச்சில் வன்முறை நடக்கும்போது அவர் வாஜ்பாய்க்குக் கடிதங்கள் எழுதினார், நேரில் பேசினார். 2005இல் ஒரு மலையாள இதழ் பேட்டியில், ராணுவம் அனுப்பப்பட்டது, ஆனால் சுடுவதற்கு அதிகாரம் கொடுக்கப்படவில்லை, மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து செய்த சதி இருந்தது என்று குற்றம்சாட்டினார். பாபர் மசூதியை இடித்ததைக் காந்தி கொலைக்குப் பிறகு நடந்த பெரிய துயரம் என்று 1992இல் பதவியில் இருந்துகொண்டே சொன்னவர், இதை ஓய்வு பெற்று மூன்றாண்டு கழித்துச் சொன்னார். அந்த மூன்றாண்டு எனக்கு உறுத்துகிறது. மரபு, பதவியின் கண்ணியம் என்று காரணம் சொல்லலாம். எரிந்துகொண்டிருந்த வீட்டுக்குள் இருந்தவர்களுக்குக் கண்ணியம் என்ன செய்யும்? அந்தக் கடிதங்கள் இன்றும் வெளிவரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார்கள். வழக்கு நடத்தித் தடுத்தது அப்போதிருந்த காங்கிரஸ் கூட்டணி அரசு. 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு கட்சியின் ஆட்சியில் எரிந்தபோது அவர் எழுதிய கடிதத்தை இன்னொரு கட்சி பூட்டிவைத்தது.

2002இல் அவருக்கு இரண்டாவது முறை கிடைக்கவில்லை. கலாம் வந்தார். தமிழ்நாட்டில் ஆட்டோ முதுகில், சலூனில், கோச்சிங் சென்டர் போர்டில் கலாம் இருக்கிறார். கனவு காணச் சொன்னவர் என்பதால். நாராயணன் படத்தை நான் இந்த மாவட்டத்தில் இரண்டே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். கலாம் மேல் எனக்கு வருத்தமில்லை. கனவு காண் என்று சொல்பவரைப் பிடிக்கிறது, கோப்பில் கணக்குக் கேட்பவரைப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பிரசிடெண்ட்டைப் பற்றிப் பேசாமல் இந்த உரை முடியாது. சார் இருந்தால் விடமாட்டார். பங்காரு லட்சுமண். ஆந்திராவைச் சேர்ந்த தலித். 2000 ஆகஸ்டில் பாரதிய ஜனதா கட்சியின் தேசியத் தலைவர். அந்தக் கட்சியின் முதல் தலித் தலைவர். சில மாதம் நாட்டின் தலைவரும் ஆளும் கட்சியின் தலைவரும் தலித்துகளாக இருந்தார்கள். 2001 மார்ச் 13 அன்று தெஹல்கா வீடியோ வெளிவந்தது. ஆயுத வியாபாரிகளாக நடித்த நிருபர்களிடம் ஒரு லட்சம் ரூபாயை வாங்கி மேசை டிராயரில் வைக்கிறார். பதவி போனது. 2012 ஏப்ரலில் சிபிஐ நீதிமன்றம் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. 2014 மார்ச் 1இல் இறந்தார்.

அப்போது நான் எம்.ஏ. படிக்கிற வயது. எங்கள் அறையில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. ஒரு லட்சம் வாங்கியவனைப் பிடித்தார்கள், கோடியில் வாங்கியவன் எங்கே? அதே விவகாரத்தில் ராஜினாமா செய்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் அதே ஆண்டு அக்டோபரில் திரும்பவும் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். ஜெயா ஜெட்லிக்குத் தண்டனை வர 2020 ஆயிற்று. பங்காருவைக் கட்சி கைகழுவிவிட்டது. அதனால் நம் வாதத்தில் உண்மை இருந்தது. அந்த உண்மையை வைத்துக்கொண்டு நான் வேறு ஒன்றை மூடினேன்.

சில ஆண்டு கழித்து, எங்கள் பக்கத்தில் தனி ஊராட்சி ஒன்றில் நம் ஆள் ஒருவர் பிரசிடெண்ட். ஊர்ப் பெயர் வேண்டாம். அவருக்காக நானும் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டேன். நாங்கள் சேர்ந்து நின்றதால்தான் அவர் ஊராட்சி அலுவலக நாற்காலியில் உட்கார முடிந்தது. அதற்கும் ஒரு சண்டை நடந்தது. பிறகு தொகுப்பு வீடு வந்தது. புருஷன் செத்துப்போன ஒரு சின்னம்மாவுக்குப் பட்டியலில் பெயர் இருந்தது. அடித்தளத்துக்கு ஒரு பில், ஜன்னல் மட்டத்துக்கு ஒரு பில், கூரைக்கு ஒரு பில். ஒவ்வொரு பில்லுக்கும் அவருக்குப் பணம் வைக்க வேண்டும். சின்னம்மா இரண்டு ஆட்டை விற்றது. கூரை பில்லுக்கு விற்க ஆடு இல்லை.

என்னிடம் வந்து சொன்னது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் பொறுத்துக்க சின்னம்மா. இதை வெளிய சொன்னா ஊர்க்காரன் சிரிப்பான். பறையன் கையில குடுத்தா இப்படித்தான்னு சொல்லுவான். அடுத்த தடவை நம்மாளு நிக்கவே முடியாது." சின்னம்மா என்னைப் பார்த்து, "நம்ம ஆளு கையில குடுத்தாலும் துட்டு துட்டுதானேப்பா" என்றது. வேறு எதுவும் சொல்லாமல் போய்விட்டது.

இதைச் சாரிடம் சொன்னேன். என்னைப் பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "யார் முகத்தைக் காப்பாத்துற நீ? அந்தப் பொம்பளை நம்ம ஆளு இல்லையா?" மறுநாள் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போனார். மனு எழுதியது என் கையெழுத்தில். ஊரில் நான் நினைத்தபடியே பேசினார்கள். நம் தெருவில் என்னைக் காட்டிக்கொடுத்தவன் என்றார்கள். இரண்டு தீபாவளிக்கு அந்த வீட்டுக்காரர்கள் எங்களோடு பேசவில்லை. கூரை பில் வந்தது. விற்ற ஆடு வரவில்லை.

பங்காருவைப் பற்றி இப்போது என் கருத்து மாறிவிட்டது. அவரை மட்டும் தண்டித்தது சாதிதான் என்று இன்றும் சொல்வேன். அந்த ஒரு லட்சம் நம் காசு என்பதையும் அதே மூச்சில் சொல்வேன். படைக்குப் பொருள் வாங்குவதில் கைவைத்தால் அது எல்லைக்குப் போகும் சிப்பாய் மேல் கைவைப்பது. அந்தச் சிப்பாய்களில் நம் கல்வராயன் அடிவாரத்துப் பையன்களும் உண்டு. நம்மாள் தவறு செய்தால் மற்றவர்கள் அதைச் சாதியின் தவறாக ஆக்குவார்கள். அதற்குப் பயந்து நாம் மூடினால் தவறின் அடியில் நசுங்குவது நம்மிலும் கீழே இருப்பவர்கள். பெரும்பாலும் பெண்கள்.

நாராயணன் கை நீட்டினார் என்று அவருடைய எதிரிகள்கூடச் சொன்னதில்லை. காங்கிரஸ்காரர் என்ற சந்தேகம் அவர் மேல் இருந்தது. 1999 ஏப்ரலில் ஜெயலலிதா ஆதரவை வாபஸ் வாங்கியதும் வாஜ்பாயை நம்பிக்கை வாக்குக் கோரச் சொன்னார். ஒரே ஒரு வாக்கில் அரசு விழுந்தது. 272 பேர் இருக்கிறார்கள் என்ற சோனியா காந்திக்கு அவகாசம் கொடுத்தார். ஆள் சேரவில்லை. மக்களவையைக் கலைத்தார். இதில் ஒரு பக்கம் சாய்ந்தாரா என்று இன்றும் பேசலாம். பேச வேண்டும். நம்மவர் என்பதால் அந்தக் கேள்வியே கூடாது என்பது சரியல்ல. 1998 தேர்தலில் பதவியில் இருந்த முதல் குடியரசுத் தலைவராக வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதையும் சிலர் குறை சொன்னார்கள், நடுநிலை போச்சு என்று. ஓட்டுரிமைக்காக அம்பேத்கர் சவுத்பரோ குழுவின் முன் சாட்சி சொன்ன 1919ஐ நினைத்துக்கொண்டால், அந்த வரிசையை எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

அவர் பெயருக்கு என்ன ஆனது என்றும் பாருங்கள். 2005 நவம்பர் 9இல் இறந்தார். சொந்த மாவட்டமான கோட்டயத்தில் அவர் பெயரில் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே மாணவர்கள் போராட்டம் தொடங்கினார்கள். மாணவர் சேர்க்கையில் இட ஒதுக்கீடு மீறப்படுகிறது, துப்புரவுப் பணிப் பெண்களை இயக்குநரின் வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள், அங்கே சாதி பார்த்து நடத்தினார்கள் என்று குற்றச்சாட்டு. இயக்குநர் மறுத்தார். நிறுவனத் தலைவராக இருந்த அடூர் கோபாலகிருஷ்ணன் இயக்குநரின் பக்கம் நின்றார். 2023 ஜனவரியில் முதலில் இயக்குநர், பிறகு அடூர், இருவரும் விலகினார்கள். எவ்வளவு பெரிய கலைஞர் அடூர்! கதவில் ஒரு தலித்தின் பெயரை எழுதிவிட்டு உள்ளே பழைய வீட்டை அப்படியே நடத்தலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அந்தப் பெண்கள் வாய் திறந்ததால்தான் நமக்குத் தெரிந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கக்கூடிய என்னைப் போன்ற ஆள் அங்கே இல்லை போலிருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருகிறேன், நேரம் ஆகிவிட்டது. 2020இல் திருவள்ளூர் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் சுதந்திர தினத்தில் கொடியேற்ற விடப்படவில்லை. செய்தி வெளிவந்த பிறகு ஆட்சியர் முன்னிலையில் வேறொரு நாள் ஏற்றினார். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது, ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடு இல்லாமல் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று. முப்படைகளுக்கும் தலைவராக ஒரு தலித் இருந்து இருபது ஆண்டு கழித்து, ஒரு கயிற்றை இழுப்பதற்குத் தலைமைச் செயலாளர் கடிதம்.

மேலவளவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் கடைசியாக உள்ளே இருந்த பதின்மூன்று பேரை 2019 நவம்பரில் தமிழக அரசு முன்விடுதலை செய்தது. அம்மா அதைக் கேட்க இல்லை. இருந்திருந்தால் என்ன கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் ஊராட்சி தனி ஊராட்சியாக இருந்தால் அடுத்த கிராம சபைக்குப் போங்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரா, பக்கத்தில் நிற்கிறாரா என்று பாருங்கள். நின்றால் அவருக்காகச் சண்டை போடுங்கள். உட்கார்ந்திருந்தால் வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலை வாங்கி, பெயர் பெயராக அவரவர் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் நான் பேச வேண்டாம், நீங்கள் அதைப் படியுங்கள்.

சாரின் அலமாரியில் அந்த 1997 ஜூலை 26 பேப்பர் மடித்து வைத்திருந்தது. போன மாதம் மன்றத்துக்காகப் புத்தகங்களை அடுக்கும்போது கண்டெடுத்தோம். முதல் பக்கத்தில் நாராயணன் படம். உள்பக்கத்தில் சார் பேனாவால் கட்டம் போட்டிருந்தார். அது மேலவளவுச் செய்தி. இரண்டையும் இங்கே வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். போகும்போது பாருங்கள்.